மதிப்பூதியம் என்றொரு சொல்: சம்பளம், பென்ஷன், பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

1

ராசிபுரம் பக்கத்து ஊரொன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிற அக்கா ஒருவர் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: அரசுப் பணி, தனியார் பணி, கூலி, இல்லத்தரசி. எதில் டிக் அடிப்பது? அரசுப் பணி என்று அடித்தால் உதவித்தொகை போய்விடுமோ என்று பயம். கூலி என்று அடித்தால் பொய். “நீங்களே சொல்லுங்க தம்பி. எலக்‌ஷன் வேலைன்னா நான் கவர்மெண்டு ஆளு. ஓட்டர் லிஸ்ட்டத் தூக்கிட்டு வீடு வீடாப் போறேன். சம்பளம்னு வந்தா மட்டும் சேவை பண்றவங்கறாங்க. அப்ப நான் யாருங்க?”

அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

இதை ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பத்திரிகைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களால் நடத்தப்பட்டவை. பள்ளி ஆசிரியர், தபால் ஊழியர், வங்கிக் குமாஸ்தா, வருவாய்த்துறை உதவியாளர் என்று இவர்கள் சம்பளத்தில் பிய்த்துக் கொடுத்த நூறும் இருநூறும்தான் காகிதமாகவும் அச்சுக்கூலியாகவும் ஆயிற்று. அதிகாரம், சொல்லாடல், விளிம்புநிலை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். நம் வீட்டுக்கே வருகிற சம்பளப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்து வாசித்ததில்லை. பட்டியல் எண்கள் மட்டும் கொண்டதல்ல. யார் அரசுக்கு உள்ளே, யார் வெளியே, யார் வாசற்படியில் என்று தீர்மானிக்கிற பிரதி அது.

2

1920-இல் மறைந்த மாக்ஸ் வெபர், அவருடைய மறைவுக்குப்பின் வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ நூலில், நவீன அதிகாரியின் அடையாளங்களைப் பட்டியலிடுகிறார். அவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று. அதிகாரிக்கு நிலையான சம்பளம் உண்டு. செய்த வேலையின் அளவுக்கு அல்ல, வகிக்கிற பதவியின் தகுதிக்கு. முதுமைக்கு ஓய்வூதியம் உண்டு. தேர்வால் சோதிக்கப்பட்ட பயிற்சி உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பதவி என்பது ஒருவருடைய சொந்தச் சொத்தாகவும் இருக்காது, அன்றாடக் கூலியாகவும் இருக்காது.

வெபரைத் தலைகீழாக்கிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு மனுஷி அரசு வேலையை அரசு நேரத்தில், அரசுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் செய்கிறாள். ஆனால் இந்த மூன்றும் அவளுக்குக் கிடையாது, அல்லது மூன்றிலும் கால்வாசிதான் உண்டு. அவளை என்னவென்று அழைப்பது? அரசு இதற்குப் பல சொற்களை வைத்திருக்கிறது: மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை, சிறப்புக் காலமுறை ஊதியம். ஒவ்வொரு சொல்லும் ஒரு கோடு. சம்பளம் எவ்வளவு என்பது கடைசியில் முடிவாகிற விஷயம். எந்தச் சொல் என்பது முதலில் முடிவாகிவிடுகிறது.

3

இந்தக் கோடு போடும் வேலை நம்ம சேலத்துச் சமவெளியில் ரொம்ப காலத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது, காரன்வாலிஸ் அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவக் கேப்டனை அனுப்பினார். உதவிக்கு வந்த தாமஸ் மன்றோ, மக்லியட், கிரஹாம் மூவரும்கூட ராணுவ ஆட்கள்தான். காரணம் எளிது: கம்பெனியின் சிவில் ஊழியர்களில் இந்த நாட்டு மொழி தெரிந்தவர்கள் போதவில்லை. ரயத்துவாரி என்று பின்னால் பேர் வாங்கிய நிலவரி முறை இந்த மண்ணில்தான் பழகிப் பார்க்கப்பட்டது. மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். 1820-இல் மதராஸ் கவர்னராக உட்கார்ந்தார்.

ஆக மன்றோவின் பயிற்சிக்கூடம் தர்மபுரி, சேலத்து வயல்கள். அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? எந்த வயல் எவனுடையது, எந்தக் கிணறு வற்றும், எந்தக் காடு உழவாகும் என்று சொன்ன கர்ணமும், அளவுக்கயிறு பிடித்தவரும், வரப்பில் முன்னால் நடந்த தலையாரியும்தான். 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி, 1806-இல் இங்கிலாந்தில் ஹெய்லிபரி, 1812-இல் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று ‘பயிற்சி’ நிறுவனமானது அதற்குப் பிறகு. அந்த நிறுவனங்களில் படித்தவருக்குச் சம்பளமும் பென்ஷனும். அறிவைக் கொடுத்தவருக்கு மானிய நிலம், மகசூலில் பிடி அளவு, அல்லது ஒன்றுமில்லை.

1793-இன் சாசனச் சட்டம் கோட்டை எழுத்திலேயே போட்டது. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேல் வருகிற பதவிகள் கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதிய ஊழியருக்கு மட்டும் என்றானது. ஒப்பந்தம் எழுதாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும் கோட்டுக்குக் கீழேதான். அன்றைக்கு ‘ஒப்பந்த ஊழியர்’ என்றால் மேலே இருக்கும் வெள்ளை அதிகாரி. இன்றைக்கு அதே சொல்லை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சொன்னால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடிய துப்புரவுத் தொழிலாளி ஞாபகத்துக்கு வருகிறார். சொல் தலைகீழாகிவிட்டது. கோடு அங்கேயேதான் இருக்கிறது.

கிராமத்தில் இந்தக் கோடு சாதியோடு பின்னிக்கிடந்தது. மணியக்காரர், கர்ணம் பதவிகள் குடும்பச் சொத்துப்போலத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. 1895-ஆம் ஆண்டின் மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதை உறுதி செய்தது. கீழே தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி. அவர்களுக்கும் பரம்பரைதான், ஆனால் அது உரிமை என்பதைவிடத் தளை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் பிறந்தார். எந்தச் சாதியில் பிறந்தவரும் கிராமக் கணக்கைத் திறக்கலாம் என்று ஆனது சாதாரண விஷயமல்ல. ஆனால் தலையாரி? அவர் ‘கிராம உதவியாளர்’ என்று பெயர் மாறி, காலமுறைச் சம்பளத்துக்குள் முழுதாக நுழையாமல், ‘சிறப்பு’ என்ற அடைமொழியோடு வாசற்படியில் நின்றார். அரசுத் தமிழில் ‘சிறப்பு’ என்று வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது பெரும்பாலும் குறைவு என்பதற்கான மரியாதைச் சொல்.

4

இனி சம்பளம் முடிவாகும் விதத்துக்கு வருவோம். மத்திய அரசு பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியக் குழு அமைக்கிறது. முதலாவது 1946-இல், ஏழாவதன் பரிந்துரைகள் 1.1.2016 முதல் அமலாயின. எட்டாவது 2025-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு முன்பு தனக்கென்று ஊதியக் குழுக்களை வைத்திருந்தது. 1988-இல் குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ‘மத்திய அரசுக்கு இணையான ஊதியம்’ என்ற கோட்பாடு ஏற்கப்பட்டது. அது போராடிப் பெற்ற வெற்றி. அதிலிருந்து மாநிலத்தின் வேலை, டெல்லியில் முடிவானதைத் தன் ஏணியில் பொருத்துவதாக ஆயிற்று. பொருத்துகிறவர்கள் ‘அலுவலர் குழு’, அதாவது செயலாளர்கள். 2017-இல் நிதித்துறைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்டது. சங்கங்கள் பேசலாம், மனுக் கொடுக்கலாம். குழுவில் உட்கார முடியாது. அறிக்கை அமைச்சரவைக்குப் போகிறது, அரசாணை வெளியாகிறது. தமிழ்நாட்டில் புதுச் சம்பளம் 1.1.2016 முதல் கணக்கிடப்பட்டது. பணம் கைக்கு வந்தது 1.10.2017 முதல். நடுவிலுள்ள இருபத்தொரு மாதம் ‘கருத்தியலாக’ என்றார்கள். ‘கருத்தியல்’ என்ற சொல்லை வைத்து நாம் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறோம். நிதித்துறைக்காரர்கள் அதற்குக் கொடுத்திருக்கிற பொருள் ‘கணக்கில் உண்டு, கையில் இல்லை’ என்பது.

கணக்கின் இதயம் ஓர் எண்: 2.57. பழைய அடிப்படைச் சம்பளத்தை இதால் பெருக்கினால் புதுச் சம்பளம். இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 2.25 என்பது ஏற்கெனவே கையில் இருந்தது: அப்போது அகவிலைப்படி 125 விழுக்காடு, அதை அடிப்படையோடு சேர்த்தால் 2.25. அதற்குமேல் சுமார் 14 விழுக்காடுதான் உண்மையான உயர்வு. ‘ரெண்டரை மடங்கு சம்பளம்’ என்று டீக்கடையில் பேசப்படுவது இதுதான்.

தமிழ்நாட்டின் பழைய குறைந்தபட்சம் 6,100 ரூபாய், பெருக்கியதில் 15,700. மத்திய அரசில் 7,000 ரூபாய் 18,000 ஆனது. இதே 2.57-தான் கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கும். அங்கன்வாடிப் பணியாளரின் 3,000 ரூபாய் 7,700 ஆயிற்று. சத்துணவு மையச் சமையலரின் 1,600 ரூபாய் 4,100. சமையல் உதவியாளரின் 1,150 ரூபாய் 3,000. எல்லோருக்கும் ஒரே பெருக்கல், ஆகவே சமத்துவம் போலத் தோன்றும். பெருக்கல் விகிதத்தைக் காப்பாற்றும். ஏற்றத்தாழ்வையும் அதே விகிதத்தில் காப்பாற்றும். முன்பு 6,100-க்கும் 1,150-க்கும் வித்தியாசம் 4,950 ரூபாய். பெருக்கிய பிறகு 12,700. ஒருவரும் அநியாயம் செய்யவில்லை, வாய்ப்பாடுதான் செய்தது.

வாய்ப்பாட்டின் இன்னொரு விளையாட்டை இடைநிலை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆறாவது ஊதியக் குழுவின் பெருக்கு எண் 1.86. பழைய 4,500 ரூபாயில் இருந்தவருக்கு அது 8,370 ஆயிற்று. அரசாணை வந்த 1.6.2009 முதல் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெருக்க எதுவுமில்லை. புது ஊதியக் கட்டின் தொடக்கமான 5,200-இல் உட்கார வைத்தார்கள். தர ஊதியம் 2,800 இருவருக்கும் பொது. 11,170-க்கு எதிராக 8,000. அதே வகுப்பு, அதே கரும்பலகை. இடையில் இருப்பது மே 31 முடிந்து ஜூன் 1 பிறக்கும் நள்ளிரவு. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் சென்னையில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது இந்த நள்ளிரவுக்கு எதிராகத்தான்.

5

குறைந்தபட்சம் ஏன் 18,000? இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தது. ஏழாவது ஊதியக் குழுவும் தன் கணக்கை அதிலிருந்துதான் தொடங்கியது. உணவுக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டுடையது. அவர் 1935 முதல் பத்தாண்டு நம்ம குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். ஒரு வயதுவந்தவருக்கு நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்குக்கு இத்தனை. சம்பாதிப்பவர் ஒருவர், அவருக்கு மூன்று நுகர்வு அலகு. 1991-இல் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்க்கச் சொன்னது. அரசின் ஆவணங்களில் இவ்வளவு மனிதத்தன்மையோடு எழுதப்பட்டவை அதிகமில்லை. சம்பளம் என்பது சந்தை விலையல்ல, ஒரு குடும்பம் மானத்தோடு பிழைக்க வேண்டியது என்று அது ஒப்புக்கொள்கிறது.

ஆனால் அதே வரையறைக்குள் ஒரு வாசகம் இருக்கிறது: பெண்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எழுதியவர்களின் நோக்கம் நல்லது. ‘உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போறாளே, உனக்கு எதுக்கு இவ்வளவு?’ என்று முதலாளி கேட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நடந்தது வேறு. சம்பாதிப்பவர் என்றாலே ஆண், பெண்ணின் சம்பாத்தியம் கணக்குக்கு வெளியே என்ற சித்திரம் ஆழமாகப் பதிந்துபோனது. ஆணின் சம்பளத்தைக் காப்பதற்காகக் கணக்கில் எடுக்கப்படாத அந்தப் பெண் 1975-இல் அங்கன்வாடித் திட்டம் வந்தபோதும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோதும் வேலைக்கு அழைக்கப்பட்டாள். விதவை, கைவிடப்பட்டவள், ஏழைத்தாய் என்று ‘வாழ்வு கொடுக்க’. அவளுக்குக் கொடுத்தது சம்பளமாகக் கருதப்படவில்லை. வீட்டுக்கு யாரோ ஒரு ஆண் சம்பாதித்துக்கொண்டு வருவான், இது மேல்வரும்படி என்பதே அந்தத் தொகைக்குப் பின்னாலுள்ள கற்பனை. அவள்தான் வீட்டின் ஒரே சம்பாத்தியம் என்பது அவளைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்திலேயே இருந்தும்! 2,700 கலோரிக் கணக்கு அவளுடைய சம்பளத்துக்கு ஒருமுறையும் போடப்படவில்லை. பிறர் பிள்ளைகளுக்குக் கலோரி கணக்குப் பார்த்து அளந்துபோடுகிற வேலையைச் செய்கிறவள் அவள்.

சட்டமும் பின்னால் வந்தது. 2006-இல் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது சிவில் பதவியல்ல என்றது. 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம் சற்றுத் திரும்பிப் பார்த்தது: உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் வந்தபின் இவர்கள் செய்வது சட்டக் கடமை, ஆகவே பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது. ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லின் முதுகில் விழுந்த முதல் கீறல் இது.

6

பென்ஷன் விஷயத்தில் கோடு தேதியாக மாறுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பென்ஷன் அரசின் கருணை, கொடுக்கலாம், நிறுத்தலாம். 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கு அதை உரிமையாக்கியது. 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கில் ஐவர் அமர்வு இன்னும் ஒருபடி போய், ஒரு தேதியைக் கிழித்து அதற்கு முன்னால் ஓய்வுபெற்றவர், பின்னால் ஓய்வுபெற்றவர் என்று பென்ஷன்காரர்களைக் காரணமின்றிப் பிரிக்க முடியாது என்றது. இன்றும் டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள்.

இருபதாண்டு கழித்து இன்னொரு தேதி கிழிக்கப்பட்டது. 2003 ஜூலையில் பறிக்கப்பட்ட சலுகைகளுக்காகத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் கூர்மைப்படுத்தி, ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தது. 2003 ஆகஸ்ட் 6-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதே ஆகஸ்ட் 6-ஆம் தேதியிட்டதுதான் நிதித்துறையின் 259-ஆம் எண் அரசாணை. 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று சொன்ன ஆணை. ஏப்ரலில் சேர்ந்தவரின் பென்ஷன் ஆகஸ்டில் போனது. போராடும் உரிமையும் முதுமையின் உரிமையும் ஒரே நாளில் கைநழுவின என்பதைத் தற்செயல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

எப்படி இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிந்தது? சட்டமன்றத்தில் பெரிய விவாதம் தேவைப்படவில்லை. 1978-ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளில், இவை இன்ன தேதிக்குப்பின் நியமிக்கப்படுபவருக்குப் பொருந்தா என்று ஒரு காப்புரை சேர்த்தால் போதும். இருப்பவருக்கு ஒன்றும் போகவில்லை. வரப்போகிறவருக்குச் சங்கம் கிடையாது, குரல் கிடையாது. அவர் அப்போது சேந்தமங்கலத்திலோ பரமத்தியிலோ பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். நகரா தீர்ப்பு ஓய்வுபெற்றவர்களுக்கு நடுவே கோடு போடாதே என்றது. அரசு, பிறந்த தேதிகளுக்கு நடுவே கோடு போட்டுவிட்டது.

அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டதாகக் கணக்கெழுதியது. பத்து, பதினைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போனார். மாதாமாதம் வருவது என்று ஒன்று இல்லை. 2017, 2019 வேலைநிறுத்தங்களின் முதல் கோரிக்கை இதுவே. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டை உறுதியளிக்கும் புதிய ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியரின் 10 விழுக்காடு பங்களிப்பு அதில் தொடரும். 2003-இல் ‘இனி முடியவே முடியாது’ என்று பொருளாதார விதியாகச் சொல்லப்பட்டது, இருபத்திரண்டு ஆண்டு கழித்து ‘முடியும்’ என்றானது. இயற்கை விதிபோலப் பேசப்படுகிற நிதிக்கணக்குகள் எவ்வளவு தூரம் அரசியல் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த அக்காவின் வரிசையில் இருப்பவர்களுக்கு? பல ஆண்டுகளாக அது மாதம் 2,000 ரூபாய் ‘சிறப்பு’ ஓய்வூதியம். மறுபடியும் அந்தச் சொல்.

7

மூன்றாவது பயிற்சி. இது கண்ணுக்குத் தெரியாத கோடு. தேர்வெழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் பவானிசாகருக்குப் போய்வர வேண்டும். அங்குள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தால்தான் தகுதிகாண் பருவம் நிறைவாகும். “பவானிசாகர் முடிச்சாச்சா?” என்பது ஆபீசில் புதுசாக வந்தவரிடம் கேட்கப்படுகிற முதல் கேள்வி. தன்பதிவேடு எப்படி எழுதுவது, குறிப்புக் கோப்பும் நடப்புக் கோப்பும் எப்படிப் பிரிப்பது, நினைவூட்டு எப்போது அனுப்புவது என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். இந்த முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்றே பெயர். காலனியக் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவர் மாவட்ட அலுவலகங்களுக்காக வகுத்தது. அதற்குப்பின் துறைத் தேர்வுகள். தேறினால் பதவி உயர்வு, தேறாவிட்டால் தேக்கம். மேலே இருப்பவருக்கு முசோரி.

பயிற்சி கோப்பைக் கையாளத்தான். ஆளைக் கையாள அல்ல. கோப்பு நகரும்போது அதற்குப் பின்னாலுள்ள ஆள் வாசலில் நிற்பது பாடத்தில் வராது. ஆனாலும் அந்தப் பயிற்சிக்கு ஒரு விலை இருக்கிறது: ஊதியக் குழு ஒரு பதவியை எந்த நிலையில் வைப்பது என்று பார்க்கும்போது கல்வித்தகுதி, பயிற்சி, பொறுப்பு மூன்றையும் எடைபோடும். எடைபோடப்படாத அறிவு ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது, எந்த வீட்டில் புருஷன் அடிக்கிறான், எந்தக் கர்ப்பிணி மாத்திரையைக் கூரையில் செருகி வைத்திருக்கிறாள். இதை ‘பெண்களுக்கு இயல்பாகவே வருவது’ என்று சொல்லிவிட்டால் அது பயிற்சி ஆகாது. பயிற்சி ஆகாததால் தகுதி ஆகாது. தகுதி ஆகாததால் ஏணியில் இடம் கிடையாது. ஏணியில் இடம் இல்லாதவருக்கு எதற்குப் பயிற்சி என்று வட்டம் மூடிக்கொள்கிறது. 2021-இல் ‘போஷன் டிராக்கர்’ செயலி வந்தது. “அதெப்படிங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “எம் பையந்தான் சொல்லிக் கொடுத்தான். ஆறாவது படிக்கறான்” என்றார். மன்றோவுக்குக் கர்ணம் சொல்லிக் கொடுத்த கதைதான். அங்கே மாணவருக்குச் சம்பளம். இங்கே யாருக்கும் முழுசாக இல்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1992-இல் ஒரு நேர்காணலில் அரசின் இடது கை, வலது கை என்று பிரித்தார். ஆசிரியரும் செவிலியும் சமூகப்பணியாளரும் இடது கை. நிதியமைச்சகமும் வங்கியும் வலது கை. இடது கை என்ன செய்கிறது என்று வலது கைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமுமில்லை என்பது அவர் வாதம். ஜார்ஜ் கோட்டைத் தலைமைச் செயலக வளாகத்தில் பல துறைகள் இயங்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். மோகனூரில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். நாமக்கல்லின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நாமக்கல்லின் பால்வாடி இன்னும் சேரவில்லை.

8

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போகிறவர், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர் கேட்பார்: “எங்களுக்கு யாருங்க பென்ஷன் குடுக்கறாங்க? இவங்களுக்கு மட்டும் எதுக்கு?” இந்தக் கோபத்தை அரசுகள் ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின்போதும் பயன்படுத்திக்கொண்டன; 2003-இல் பொதுமக்களில் கணிசமானோர் கைதட்டினார்கள். அதைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. லஞ்சம் கேட்ட மேஜையும், நாளைக்கு வா என்று சொன்ன ஜன்னலும் அவர்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. சங்கங்களும் கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்காகத்தான் நீண்டகாலம் பேசின. சத்துணவுக்காரரின் கோரிக்கை பட்டியலின் அடியில் இருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வாசலைத் திறக்க நூறாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் முதன்மை அமைச்சராக இருந்தபோதுதான் அவர் அமைச்சரவையின் எஸ். முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் படிப்படியாகப் பிற்பட்டவரும் தலித்துகளும் பெண்களும் உள்ளே வந்தார்கள். அவர்கள் கூட்டமாக உள்ளே வரத்தொடங்கிய காலத்தில்தான் பென்ஷன் போயிற்று. நிரந்தரம் தொகுப்பூதியமாகவும் வெளிமுகமையாகவும் கரைந்தது. கதவு திறந்தபோது வீட்டுக்குள் சாமான் குறைந்திருந்தது. நோக்கத்தோடு செய்தார்களா என்பது வேறு விவாதம். விளைவு இதுதான். அரசே தன் ஆளுக்கு முதுமையை உறுதி செய்யாதபோது, தறிக்காரர் யாரிடம் போய் எந்த அளவுகோலைக் காட்டி முதுமையைக் கேட்பார்?

ஆகவே எழுத்தாளர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஊதியக் குழு அறிக்கை வரும்போது, எத்தனை மடங்கு என்று மட்டும் பார்க்காமல் நான்கு கேள்விகளோடு வாசிக்க வேண்டும். எந்தச் சொல்லால் யாரைக் குறிக்கிறது? குடும்பம் என்ற கணக்கை யாருக்குப் போட்டது, யாருக்குப் போடவில்லை? எந்தத் தேதியைக் கோடாக வைத்தது, அந்தத் தேதியில் பேச வாயில்லாதவர் யார்? எந்த அறிவைப் பயிற்சி என்று ஏற்றது, எதை இயல்பு என்று தள்ளியது? முறையான காலமுறை ஊதியம் என்ற அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களின் கோரிக்கையைச் சலுகை கேட்பதாக நாம் வாசிக்கக் கூடாது. வெபர் சொன்ன மூன்றையும் கேட்கிறார்கள், அவ்வளவே.

அக்காவின் மகள் விண்ணப்பம் அன்றைக்கே போக வேண்டியிருந்தது. ‘அரசுப் பணி’ என்ற கட்டத்திலேயே டிக் அடித்தோம். பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் சம்பளத்தை எண்ணால் எழுதினார். எழுதிவிட்டு, “இதப் பார்த்தா அவங்களே சந்தேகப்படுவாங்க” என்றார்.